பிரபுவின் நான்காவது மகன்

விமான நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை எனக்குக் குரல் வரவில்லை. தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்து மருந்துக் கடைக்குப் போனேன். என்ன வேண்டும் என்று அங்கே நின்ற பெண் கேட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது. செருமிச் செருமித்தான் முதல் சொல் வந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து நடக்கும்போதுதான் யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மற்றவர்களோடு சேர்ந்து செபம் சொன்னதற்குப் பிறகு அன்று வரைக்கும் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தொண்டையில் ஒரு வருத்தமும் இல்லை. பாவிக்காமல் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹவுன்ஸ்லோவில் கவுன்சில் எனக்குத் தந்தது ஓர் அறை, ஒரு சின்னக் குசினி, ஒரு குளியலறை. முதலாம் மாடி. எனக்கு நேர் கீழே ஓர் ஐரிஷ்காரர் இருந்தார். எண்பதை நெருங்கியவர், மண்வெட்டி பிடித்துப் பழகிய பெரிய கைகள். பதினாறு வயதில் அயர்லாந்திலிருந்து வந்து, இந்த நகரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டியே வயதானவர். கலியாணம் கட்டவில்லை. சீனி வருத்தம் அவருடைய கண்களை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குத்தான் பூசைக்குப் போனோம். ஆனாலும் பத்து வருடமாகத் தலையாட்டலுக்கு மேலே எங்களுக்குள் எதுவும் இருந்ததில்லை.

அடுத்த கிழமை அவர் படியேறி வந்து என் கதவைத் தட்டினார். கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம்.

"உமக்கு இங்கிலிஷ் வாசிக்க வருமோ?" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். எனக்கு அது எங்களுடைய பேச்சாகவே ஞாபகத்தில் இருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. மன்னாரில் நான் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன். "வரும்" என்றேன்.

"அப்ப கீழ வாரும். தேத்தண்ணி தாறன்."

அப்படித்தான் தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை மத்தியானம் இரண்டு மணிக்குக் கீழே போவேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற கதிரை எனக்கு. அவர் கட்டிலின் ஓரத்தில் கால்களை அகட்டிக்கொண்டு இருந்து கேட்பார். அந்தக் காகிதங்கள் எல்லாம் அவருக்குக் கண் தெரிந்த காலத்தில் நூலகங்களில் பிரதி எடுத்து வைத்தவை. அறுநூறு வருடத்துக்கு முந்தி அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தை ஆண்ட ஒரு பிரபுவைப் பற்றியவை. அந்தப் பிரபுவின் குடும்பப் பெயர்தான் இவருடைய பெயரும். அதை நான் இங்கே எழுதவில்லை. ஐந்து மாதம் வாசித்தும் அவருக்குத் திருப்தியாக அதை உச்சரிக்க எனக்கு வரவில்லை. கடைசியில் "உங்கட ஆள்" என்றே சொல்லிக்கொண்டோம்.

துறவிகளும் பரம்பரை எழுத்தர்களும் வருடம் வருடமாக எழுதி வைத்த குறிப்புகள் அவை. இன்ன வருடம் இன்னார் செத்தார். இன்ன வருடம் மழை விடவில்லை, மாடுகள் செத்தன. இன்னார் இன்னாரின் ஊருக்குள் புகுந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். பெரிய வாக்கியம் ஒன்றும் கிடையாது. அதற்குள்ளிருந்து ஒரு மனிதனை நாங்கள் இரண்டு பேரும் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்தோம்.

அங்கே தகப்பனுக்குப் பிறகு மூத்த மகன் என்கிற வழக்கம் இல்லை. தம்பி, மச்சான், கூடப்பிறந்தவனின் மகனான பெறாமகன் என்று குடும்பத்தில் எவன் வலியவனோ அவனுக்குத்தான் ஆட்சி. பிரபு இருபத்தோராவது வயதில் தன் சித்தப்பாவைத் துரத்திவிட்டு ஒரு குன்றின் மேல் கல்லில் ஏறி நின்று, ஆட்சிக்கு அடையாளமான வெள்ளைக் கோலைக் கையில் வாங்கினார். அடுத்த வருடமே ஒன்றுவிட்ட தம்பி ஒருவனின் கண்களைப் பிடுங்குவித்தார். கண் இல்லாதவன் ஆள முடியாது என்பது அவர்களுடைய சட்டம். இதை வாசித்தபோது ஐரிஷ்காரர் தன் இமைகளை விரலால் தடவிக்கொண்டு, "எங்கட குடும்பத்துக்கு இது புதுசில்லை" என்றார். அவர் சிரித்த பிறகுதான் எனக்குச் சிரிக்கத் துணிவு வந்தது.

பிரபுவுக்கு மூன்று மனைவிகள். முதல் மனைவியைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது மனைவி பிள்ளைப்பேற்றில் செத்தாள். மூன்றாவது மனைவிதான் ஆற்றங்கரையில் நான்கு அடுக்குக் கல் கோபுர வீட்டைக் கட்டுவித்தவள். அந்த வீட்டில் சமையல் புகை வெளியே போக வழியில்லாமல் எல்லோரும் கண் எரிந்துகொண்டு சாப்பிட்டார்களாம். இதை ஒரு பயணி எழுதி வைத்திருந்தார். நான்கு மகன்கள், ஒரு மகள். மகளைப் பற்றி ஒரேயொரு வரி இருந்தது, அவள் செத்த வருடம். "வேற ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். அந்தப் பக்கத்தை நான் கொஞ்ச நேரம் திருப்பவில்லை.

மாசி மாதம் பிள்ளைகளின் பகுதிக்கு வந்தோம். பிரபுவின் பிள்ளைகள் ஒருவரும் அவருடைய வீட்டில் வளரவில்லை. ஏழு வயதில் ஒவ்வொருவரையும் வெவ்வேறு குடும்பத்துக்கு வளர்க்கக் கொடுத்துவிட்டார். அது தண்டனையில்லை, கௌரவம். அந்தக் குடும்பம் பிரபுவுக்கு விசுவாசமாக இருக்கும், பிள்ளைக்கு இரண்டு வீட்டுப் பலம் கிடைக்கும். நான்காவது மகனை மலையடிவாரத்தில் மாடு வளர்க்கிற ஒரு சின்னத் தலைவனிடம் கொடுத்தார். பதினேழு வயதில் திரும்பி வர வேண்டும்.

"ஒரு விசயம் தெரியுமோ?" என்றார் ஐரிஷ்காரர். "எங்கட பழைய பாஷையில வீட்டில செல்லமா அப்பா எண்டு கூப்பிடுற சொல்லு பெத்தவனுக்கு இல்லை. வளர்த்தவனுக்குத்தான். பெத்தவனுக்கு எழுத்தில வாற வெறும் கடுதாசிச் சொல்லு மட்டும்."

நான் காகிதத்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தேன். "இண்டைக்குக் காணும்" என்றேன். மணி மூன்று கூட ஆகவில்லை.

மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருந்தேன். எனக்கும் ஒரு மகன். அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஊரில் பொடியன்களை வைத்திருக்கவே பயமாக இருந்த காலத்தில், என் மனைவியின் அக்கா குடும்பம் ஜேர்மனிக்குப் போக ஆயத்தமானது. அவர்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ஏஜென்சிக்காரன் தயாரித்த கடுதாசிகளில் ஒரு மகனையும் சேர்க்கலாம் என்றான். நானும் மனைவியும் ஒரு இரவு முழுக்கக் கதைத்து முடிவெடுத்தோம். பெடியனை நான்தான் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

லொட்ஜில் மூன்று கிழமை காத்திருந்தோம். அந்த மூன்று கிழமையும் எனக்கு ஒரே வேலைதான். "இவர் ஆர்?" என்று என் சகலனைக் காட்டிக் கேட்பேன். பெடியன் "பெரியப்பா" என்பான். "இல்லை, அப்பா" என்பேன். "நான் ஆர்?" என்று கேட்பேன். "அப்பா" என்பான். "இல்லை. நான் சித்தப்பா. வழியனுப்ப வந்தனான்." விமான நிலையத்தில் ஒரு சொல் பிசகினால் ஐந்து பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஒரு நாள் மத்தியானம் சோறு தின்னும்போது அவன் என்னைப் பார்த்து "அப்பா, தண்ணி" என்றான். கன்னத்தில் அடித்தேன். சோற்றுக் கையோடு அடித்தேன். அவன் அழாமல் சகலனின் பக்கம் திரும்பி, "அப்பா, தண்ணி தாங்கோ" என்றான்.

பிறகு என் மனைவி இடம்பெயர்ந்திருந்த முகாமில் காய்ச்சலில் செத்தாள். பெடியனை அனுப்பிப் பதினொரு வருடம் கழித்து நான் லண்டன் வந்து சேர்ந்தேன். சில வருடத்தில் சகலன் குடும்பமும் ஜேர்மனியை விட்டு இங்கே வந்து அப்டன் பார்க்கில் கடை போட்டார்கள். கடையை நடத்துவது என் மகன். அவன் அவர்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவான். என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "வந்தீங்களோ?", "சாப்பிட்டீங்களோ?" அவ்வளவுதான். அவனுடைய மகள் சகலனை அப்பப்பா என்பாள், என்னை "ஹவுன்ஸ்லோ தாத்தா" என்பாள். மார்கழியில் நத்தாருக்கும், பிறகு உயிர்த்த ஞாயிறுக்கும் போவேன். ரயிலில் நகரத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கடக்க வேண்டும். இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன்.

இரண்டு நாள் கீழே போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது ஐரிஷ்காரர் அடுத்த காகிதத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

பதினேழு வயதில் அந்த நான்காவது மகன் திரும்பி வந்தான். ஆனால் பிரபுவின் கோபுர வீட்டில் ஒரு குளிர்காலம்தான் இருந்தான். தன்னுடைய படையாட்களை மலையடிவாரத்துத் தலைவன் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று பிரபு கட்டளை அனுப்பியிருந்தார். மழையில் மாடுகள் செத்துப்போன வருடம் அது. என்னால் ஏலாது என்று அந்த மனிதன் சொல்லி அனுப்பினான். பிரபு படையோடு புறப்பட்டார். மகன் முதல் நாளே குதிரையில் போய்விட்டான். ஆற்றைக் கடக்கிற ஆழமில்லாத இடத்தில், மறுகரையில், வளர்த்தவனுக்குப் பக்கத்தில் கேடயத்தோடு அவன் நிற்பதைப் பிரபு கண்டார். அவர் தண்ணீருக்குள் இறங்கவில்லை. ஆனால் அவருடைய பெறாமகன் ஒருவன் இறங்கிப் போய் அந்த மாட்டுக்காரனைக் கொன்றான். மகன் உடலைக் குதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு வடக்கே போனான். அதற்குப் பிறகு எந்த வருடத்துக் குறிப்பிலும் அவன் இல்லை. பிரபு இரண்டு முறை ஆளனுப்பியும் பதில் வரவில்லை.

"பிரபு என்ன செய்யிறது?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அந்த நாட்டு வழக்கத்துக்குத்தானே கொடுத்தவர். பிள்ளை நல்லா இருக்க வேணும் எண்டுதானே?"

"வழக்கம் எண்டால் பிள்ளைக்குக் கோபம் வராதோ?"

"வளர்த்தவன் மட்டும்தான் மனுசனோ?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தடவிக் கண்டுபிடித்தார். பிறகு, "நான் இந்த நாலாவது மகன்ர வழியில வந்தவன்" என்றார்.

"அதுக்கு ஆதாரம் இருக்கோ?"

"ஆதாரம் இருந்தால் உம்மைக் கூப்பிட்டு இதெல்லாம் ஏன் வாசிக்கச் சொல்லுறன்?" என்றவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "எங்கட அப்பன் என்னைப் பதினாறு வயசில கப்பல் ஏத்திவிட்டவர். அதுக்குப் பிறகு ஒரு கடிதம் போடேல்லை. அவர் செத்ததுக்கு நான் போகேல்லை."

சித்திரையில் என் சகலன் மாரடைப்பில் செத்துப்போனார். மகன் ஃபோன் எடுத்துச் சொன்னான். குரல் உடைந்திருந்தது. "அப்பா போயிட்டார்" என்றான். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு "ஓம் தம்பி, ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஃபோனில் மரண அறிவித்தல் வந்தது. எங்கள் ஆட்களின் அறிவித்தல் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். யாருடைய கணவர், யாருடைய தந்தை, யாருடைய மாமனார் என்று ஒரு பெயர் விடாமல் வரிசையாகப் போடுவார்கள். பாசமிகு தந்தை என்ற இடத்தில் முதலாவதாக என் மகனின் பெயர் இருந்தது. என் பெயர் கீழே, சகலன்மாரின் வரிசையில், ஊரைத் தவிர வேறு ஒரு விபரமும் இல்லாமல் இருந்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. நான் அவருடைய சகலன்தான். ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்து இன்னொருமுறை வாசித்தேன்.

அதை ஐரிஷ்காரருக்கும் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். லொட்ஜில் நடந்ததையும் சொன்னேன். வாழ்க்கையில் ஒருவருக்கும் சொல்லாத விசயம். "நான் போகப்போறதில்லை" என்றேன். "ஷிப்ட் எண்டு சொல்லவும் இப்ப வழியில்லை. உடம்புக்கு வருத்தம் எண்டு சொல்லுவன்."

"அப்பன்ர செத்தவீட்டுக்குப் போகேல்லை எண்டு நான் சொன்னனான்," என்றார் அவர். "அது நல்ல காரியம் எண்டு உமக்குச் சொன்னனானோ?"

போனேன். கோயில் நிறையச் சனம். நான் பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். சகலனின் மனைவியான மச்சாளும் பெண்பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்தார்கள். பூசை முடிந்ததும் மகன் எழுந்து பேசினான். ஜேர்மனியில் முதல் பனிக்காலத்தில் தன்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதைச் சொன்னான். தனக்கு அம்மை வந்தபோது வேலைக்குப் போகாமல் ஒன்பது நாள் பக்கத்தில் இருந்ததைச் சொன்னான். ஒவ்வொரு வாக்கியத்திலும் அப்பா, அப்பா என்றான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முதல்முறையாகப் பொறாமை வரவில்லை. அந்த அம்மைக் காய்ச்சலைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை என்பது மட்டும் தைத்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் கார் நிறுத்துகிற இடத்தில் தனியாக நின்றான். கிட்டப் போனேன்.

"தம்பி, ஒரு விசயம் சொல்ல வேணும்."

"இப்பவோ?"

"இப்ப விட்டால் பிறகு சொல்லமாட்டன். அவரை அப்பா எண்டு கூப்பிடச் சொல்லித் தந்தது நான்தான். கொழும்பில, லொட்ஜில. நீ பிழையாச் சொன்னதுக்கு அடிச்சனான்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நாற்பது வயது தாண்டிய முகம். அவன் அம்மாவின் நெற்றி.

"அடிச்சது ஞாபகம் இல்லை," என்றான். "ஐஸ்கிறீம்தான் ஞாபகம்."

"என்ன ஐஸ்கிறீம்?"

"ஒரு நாள் முழுக்க நான் பிழை விடேல்லை. பின்னேரம் நீங்கள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தந்தீங்கள். நல்லாச் சிரிச்சீங்கள். அவரை அப்பா எண்டு சொன்னால் உங்களுக்குச் சந்தோசம் எண்டு நான் நினைச்சன். அங்க போன பிறகும் கனகாலம் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

எனக்கு அந்த ஐஸ்கிறீம் ஞாபகமேயில்லை. கடற்கரையும் ஞாபகமில்லை. முப்பத்தைந்து வருடமாக நான் அந்த அடியைச் சுமந்துகொண்டு திரிந்தேன், அவன் வேறொன்றைச் சுமந்திருக்கிறான்.

"உனக்கு என்னில கோபமோ?"

"இருந்தது. கனகாலம் இருந்தது. பிறகு கடை, பிள்ளை எண்டு நேரம் போயிட்டுது." அவன் கண்ணைத் துடைத்தான். "இண்டைக்கு என்னால ஏலாது. ஆட்கள் பாத்துக்கொண்டிருப்பினம்." மண்டபத்துக்குள் போகத் திரும்பியவன் நின்று, "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றான்.

சாப்பிட்டேன். பிறகு ரயிலேறினேன். ஜன்னலோரத்து இருக்கையில் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். ஹவுன்ஸ்லோ வரும்வரை ஒருவரும் பக்கத்தில் வந்து இருக்கவில்லை.

அந்தக் கிழமையே பிரபுவின் கதையும் முடிந்தது. கடைசி இரண்டு வருடம் அவர் ஆட்சியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தானே கட்டிய மடத்தில் துறவிகளின் உடுப்பைப் போட்டுக்கொண்டு இருந்தார். செத்த வருடத்தில் அவருக்கு நீளமான குறிப்பு எழுதியிருந்தார்கள். அவருடைய கொடையை, வீரத்தை, விருந்தை எல்லாம் புகழ்ந்து, பின்னால் விட்டுச் சென்ற மகன்மார் என்று மூன்று பெயர். நான்காவது பெயர் இருக்குமா என்று ஐரிஷ்காரர் இரண்டு முறை திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இல்லை.

"கடைசியா அவர் என்ன சொன்னவர் எண்டு ஏதும் இருக்கோ?"

"இல்லை."

"உமக்கு என்ன நினைப்பு?"

"ஆளனுப்பினதுக்குப் பதிலா அவரே போயிருக்கலாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். காகிதங்களை அடுக்கி, கயிற்றால் கட்டிக் கொடுத்தேன். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாகிவிட்டதால், வைகாசியில் வேறு ஊரில் இருக்கிற பெறாமகள் ஒருத்தி வந்து கூட்டிக்கொண்டு போனாள். போகிற அன்று என் கையைத் தன் இரண்டு பெரிய கைகளுக்குள்ளும் வைத்து ஒருமுறை அழுத்தினார். ஃபோன் எடுக்கிறேன் என்றார். இரண்டு முறை எடுத்தார். ஃபோனில் எங்களுக்குப் பேச ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது கீழ் வீட்டில் ஓர் இளம் குடும்பம் இருக்கிறது. படிக்குக் கீழே பிள்ளை வண்டியை நிறுத்துவார்கள். மத்தியானம் இரண்டு மணியானால் எழும்பிச் செருப்பைத் தேடுகிற பழக்கம் எனக்குப் போகக் கொஞ்ச நாள் எடுத்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்டன் பார்க்குக்குப் போகிறேன். ஒருவரும் வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடையின் பின்பக்கம் வெங்காயப் பைகளுக்கு நடுவில் ஒரு பெட்டியின் மேல் இருப்பேன். மகன் சனத்துக்கு நிறுத்துக் கொடுத்துக்கொண்டே இடைக்கிடை ஒரு கேள்வி கேட்பான், முழங்கால் எப்படி, ஹீட்டிங் வேலை செய்யுதோ என்று. இன்னமும் முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிடச் சொல்லி நான் கேட்கப் போவதுமில்லை. ஒருமுறை அம்மைக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். கடையில் ஆளில்லாத நேரம். எங்கெங்கே கொப்புளம் வந்தது என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினான். முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருந்தது.

போன சனிக்கிழமை வெளிக்கிடும்போது ஒரு பையில் மரவள்ளிக்கிழங்கு போட்டுத் தந்துவிட்டான். வீட்டுக்கு வந்து அவித்தேன். ஒரு ஆளுக்கு அது அளவுக்கு மிஞ்சியது. மிச்சத்தை மூடி வைத்து அடுத்த நாள் பூசைக்குப் போய் வந்து சாப்பிட்டேன்.